பல்கலைக்கழக மாணவரும் கட்டுரைத் திறனும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பிள்ளைகள் கட்டுரை எழுதும் ஆற்றலை வளர்த்துக்கொள்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு இக்கழகத்தார் நம்மைப் பணித்துள்ளனர். வெள்ளி விழா மேடைக்கு இது சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நிலமும் பொருளும் பதவியும் நம்மிடம் இல்லாதிருந்த நாளில் நமக்காக வாதாடியது எழுத்தே ஆகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்றிருக்கும் இப்பகுதி, ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து 1891ஆம் ஆண்டு அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நம்மவர்க்கு ஏன் நிலம் இல்லை, அவர்கள் நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர்கள் அதனை எவ்வாறு தடுக்கின்றனர் என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டு பிறந்த அரசாணையின் வழியே வந்தவைதாம் இன்று நாம் பஞ்சமி நிலங்கள் என வழங்குபவை. அவ்வறிக்கையில் இரக்கம் உண்டு. ஆயினும் அரசை அசைத்தது இரக்கமன்று, அதிலிருந்த விவரமே.

அடுத்த ஆண்டே இம்மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது, அதனை மறுத்து அவர் இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் 112 அடி நீளமுடையது. அதில் 3412 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அந்நிலைப்பாடு சரியா, தவறா என்று இன்றும் வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் பெரும்பான்மையோர் ஒரு பக்கம் நின்றபோது, 'எங்கள் நிலையிலிருந்து பார்த்தால் வேறாகத் தெரிகிறது' என்று காரணம் காட்டி எழுத ஒருவர் இருந்தார் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இனி மாணவராயிருந்த ஒருவரின் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் ஆய்வரங்கில் ஒரு மாணவர் கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள், அவற்றின் அமைப்பு, தோற்றம், வளர்ச்சி என்பது பொருள். படித்தவர் அண்ணல் அம்பேத்கர். அப்பொழுது அவருக்கு வயது 25. மறு ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' என்னும் ஆய்விதழில் அது அச்சேறியது. இக்கட்டுரையை நம் இளைஞர்கள் வழிபாட்டுக்குரிய பொருளாக ஒதுக்கி வைக்காமல், ஒரு மாணவரின் கட்டுரை என்ற முறையில் பென்சிலும் கையுமாகப் படிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சாதி என்றால் என்ன என்பதற்கு முன்னோர் கூறிய இலக்கணங்களை முதலில் எடுத்துக்கொள்கிறார். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்னும் நால்வர் கூற்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று சோதிக்கிறார். பெரிய பெயர்கள் என்பதற்காக அஞ்சவுமில்லை. வெள்ளையர் என்பதற்காகத் தூக்கி எறியவுமில்லை. பிறகு பல இயல்புகளுள் ஒன்றைப் பிடிக்கிறார்: தன் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அகமணமே சாதியின் உயிர்நிலை என்கிறார். இதுதான் கட்டுரையின் கருத்து. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அகமணம் நிலைக்க வேண்டுமாயின் குழுவுக்குள் ஆண், பெண் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்தால் எஞ்சியவரை என் செய்வது என்ற வினா எழுகிறது. உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், சிறுமியரை மணம் செய்வித்தல் என்னும் கொடுமைகள் யாவும் அவ்வினாவுக்குச் சாதி கண்ட விடைகளே என்று காட்டுகிறார். தனித்தனியே கிடந்த செய்திகள் ஒரே நூலில் கோக்கப்பட்டு விடுகின்றன. இறுதியில், தம் கருத்து தவறென்று எவரேனும் மெய்ப்பித்தால் அதனைக் கைவிடவும் தாம் அணியமாயிருப்பதாகக் கூறுகிறார். தாமே சாதிக் கொடுமையை அனுபவித்தவர்; கண்ணீர் வடித்திருக்கலாம், சினந்து சீறியிருக்கலாம். அந்த அரங்கில் அவர் தேர்ந்துகொண்ட கருவி வாதம். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1936இல், இலாகூர் மாநாட்டுக்கென அவர் எழுதிய தலைமையுரையை அமைப்பாளர்கள் ஏற்கத் தயங்கிய காரணத்தால் மாநாடே நடவாது போயிற்று. அவர் தம் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. மேடை மறுக்கப்பட்டாலும் எழுத்து சென்று சேர்ந்தது.

இப்பொழுது நம் பிள்ளைகளின் விடைத்தாளுக்கு வருவோம். பள்ளியில் நமக்குக் கற்பிக்கப்பட்ட முறை ஒன்றுண்டு: குறிப்புச் சட்டகம், முன்னுரை, நடுவே நான்கைந்து உள்தலைப்புகள், முடிவுரை. பழகுவதற்கு அது நல்ல நடைவண்டியே. பல்கலைக்கழகத்துக்கும் அதையே பிடித்துக்கொண்டு செல்வதால்தான் இடர் விளைகிறது. பல்கலைக்கழகக் கேள்வியின் உயிர் அதன் இறுதிச் சொல்லில் இருக்கிறது. 'விளக்குக' என்பது வேறு, 'ஒப்பிடுக' என்பது வேறு, 'ஆராய்க', 'மதிப்பிடுக' என்பன வேறு. 'ஆராய்க' என்று கேட்ட இடத்தில் தெரிந்ததையெல்லாம் கொட்டுவோர் ஆறு பக்கம் எழுதியும் பாதி மதிப்பெண்ணே பெறுகின்றனர். குறை உழைப்பிலன்று, கேட்டதற்கு விடை கூறாமையில்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 'தொழில்வளர்ச்சி காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர் மக்களின் வாழ்வை உயர்த்தியுள்ளது: ஆராய்க' என்பது கேள்வி எனக் கொள்வோம். பெரும்பாலான தாள்கள் 'இன்றைய விரைவான உலகில் தொழில்வளர்ச்சி இன்றியமையாததாகும்' என்று தொடங்கும். இவ்வாக்கியத்தை எந்த நாட்டைப் பற்றியும் எழுதலாம். ஆதலின் இது எதையும் கூறவில்லை. நம் பகுதியிலேயே பிறந்து, ஆலைப் பேருந்துகள் காலை மாலை தெருமுனையில் நிற்பதைக் காணும் பிள்ளை இப்படித் தொடங்கலாமா?

அப்பிள்ளை தன் கருத்தை முதலில் ஒரு வாக்கியமாக அமைக்கட்டும்: 'ஆலைகள் ஊதியம் தந்தன, நிலைபேறு தரவில்லை.' பின்னர்ச் சான்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. நோக்கியா கைப்பேசி ஆலை திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான இளைஞர்க்கும் பெண்களுக்கும் வேலை தந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. சான்று வந்துவிட்டது, கருத்து மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. ஓர் ஆலை மூடியதைக் கொண்டு எல்லா ஆலைகளையும் பேசிவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், அவ்விரு வகையிலும் உள்ளூரார் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். பிறர் கழனியில் கூலிக்கு நின்ற குடும்பத்துப் பெண், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துத் தங்கையைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள் என்றால் அது சிறிய மாற்றமன்று. அதனை ஒப்புக்கொண்ட பின்னும் தன் கருத்து நிற்கிறதா என்று காட்டுபவனே ஆராய்ந்தவன் ஆவான். நிற்கவில்லையெனின் கருத்தைத் திருத்திக்கொள்வதில் இழுக்கில்லை.

சான்று நூலகத்தில் மட்டும் இல்லை. தம் ஊரின் பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்று அறிய விரும்பும் மாணவர், வட்டாட்சியர் அலுவலகத்தின் 'அ' பதிவேட்டையும் சிட்டா, அடங்கல்களையும் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுச் செய்யலாம். அவ்வாறு பெற்ற ஒரு பக்கத்தை வைத்து எழுதிய கட்டுரையை எந்தப் பேராசிரியரும் புறந்தள்ள முடியாது. கைப்பேசியில் கேட்டால் முழுக் கட்டுரையையே எழுதித் தரும் பொறிகள் இன்று வந்துவிட்டன. சொல்லின் பொருள் காணவும் ஐயம் தீர்க்கவும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பதிவேட்டின் பக்கம் அவற்றிடம் இல்லை. உங்கள் கையில்தான் இருக்கிறது.

நடை பற்றிச் சிறிது. நம் பிள்ளைகள் பலர் எளிய தமிழில் எழுதினால் மதிப்புக் குறையும் என்று அஞ்சி, பொருள் விளங்காத நெடுஞ்சொற்களை அடுக்குகின்றனர். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். நம் வீட்டுப் பேச்சைப் பிறர் நகைத்த நாள்களிலிருந்து வந்தது. எழுதுவதற்குப் பொதுத் தமிழைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒற்றுப்பிழை நீக்கப் பழகுங்கள். ஆனால் எண்ணத்தை இரவல் வாங்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்கள் குறுகிய வாக்கியங்களையே எழுதுங்கள். எழுவாய் எது, பயனிலை எது என்று விரல் வைத்துக் காட்ட இயலாத வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். எழுதி முடித்ததை ஒருமுறை உரக்கப் படித்தால் நாக்கு தடுக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடமாகும்.

இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தொலைநிலைக் கல்வியில் பட்டப்படிப்புப் படிக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் இங்கே உள்ளனர். 'இவ்வளவுக்கும் நேரம் ஏது?' என்று அவர்கள் கேட்பது நியாயமே. நாள்தோறும் ஒரு பத்தி போதும். ஒரு கருத்து, ஒரு சான்று, அச்சான்று கருத்தை எவ்வாறு தாங்குகிறது என்னும் விளக்கம் என ஏழெட்டு வரிகள். கிழமைக்கு ஒருநாள் அவற்றுள் இரண்டைச் சேர்த்து ஒரு கட்டுரையாக்கிப் பாருங்கள்.

இக்கழகத்தின் படிப்பகம் ஞாயிறு மாலைகளில் திறந்திருக்கிறது. பட்டம் பெற்று வேலையில் இருக்கும் நம்மவர் சிலர் அங்கு வந்து தாள்களைத் திருத்தித் தர இசைந்துள்ளனர். இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல், ஓரம் விட்டு, ஒரு பக்கமே எழுதிக் கொண்டுவாருங்கள். முதற் பொருளாக மேலே கூறிய ஆலைக் கேள்வியையே வைத்துக்கொள்வோம். நம் கருத்தை மறுத்து எழுதும் தாளையே முதலில் படிக்க விரும்புகிறோம்.