மொட்டைமாடியில் முளைக்கும் அரசங்கன்று



சென்னையில் மெரினா கடற்கரைச் சாலையோரம் வடக்கிலிருந்து தெற்கே வந்தால் மூன்று கல்வி வளாகங்களைக் கடப்போம். முதலில் சென்னைப் பல்கலைக்கழகமும் அதன் செனட் இல்லமும். சேப்பாக்கம் அரண்மனையைத் தாண்டினால் மாநிலக் கல்லூரி. இன்னும் சற்றுத் தெற்கே ராணி மேரிக் கல்லூரி. பேருந்தில் போகிறவர்கள் கடல் பக்கம் பார்ப்பதுதான் வழக்கம். இன்றைக்கு நாம் எதிர்ப்பக்கம் திரும்பிக் கொள்வோம்.

மாநிலக் கல்லூரியும் செனட் இல்லமும் ராபர்ட் ஃபெலோஸ் சிசோல்ம் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணம். கல்லூரிக் கட்டடம் 1870-இல் திறக்கப்பட்டது. செனட் இல்லத்தை 1874-இல் தொடங்கி 1879-இல் முடித்தார்கள். சர் சி.வி. ராமன் படித்தது மாநிலக் கல்லூரியில். உ.வே.சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை தமிழ் நடத்தியதும் அங்கேதான். இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம்; சொல்லவும் வேண்டும். ஆனால் இப்படிப்பட்ட பழைய வகுப்பறைகளின் கூரையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களில் பரவலாக இருந்தது ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற கூரை. தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் அச்சுக்கல் என்னும் சின்னஞ்சிறு செங்கற்களைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி அதை இறுக்குவார்கள். கடைசியாக மேலே தட்டோடு பதிப்பார்கள். இரும்புக் கம்பியே இல்லாத கூரை. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் பல இடங்களில் ஒழுகாமல் நிற்கிறது.

இந்தக் கூரைக்கும் இதைத் தாங்கும் சுவருக்கும் உயிர் சுண்ணாம்புதான். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறுகிறது. மழையில் சுவர் நனைந்தாலும் ஈரம் பூச்சின் வழியாக வெளியேறிவிடும். மயிரிழை விரிசல் விழுந்தால் பூச்சு தானாகவே ஓரளவு மூடிக்கொள்ளும். கடற்காற்றில் உப்பு வந்து அறைகிற மெரினா போன்ற இடத்தில் இந்தக் குணம் பெரிய வரம்.

இப்போது என்ன நடக்கிறது? சுவர் கொஞ்சம் பொரிந்தால் போதும், சிமெண்ட் மூட்டை வந்து இறங்கிவிடுகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய கல்லூரியில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாழ்வாரத்துச் சுவரில் இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பூச்சு பலமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே இருந்த பழைய சுவரோ உப்புப் பூத்து, விரல் பட்டாலே செங்கல் தூளாகக் கொட்டியது. கீழே வழியடைத்த ஈரம் மேலே ஏறியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே வேண்டாமென்று தடுத்திருப்பார்.

அடுத்த எதிரி அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்த விதை, மழைநீர்க் குழாய் சுவரோடு சேரும் இடுக்கில் விழுந்து முளைக்கும். முதல் ஆண்டில் இரண்டு விரலால் பிடுங்கி எறியலாம். அதை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில் ஓர் ஆள் ஏறி அரிவாளால் வெட்டிவிட்டு வருவார். மேலே வெட்டவெட்ட உள்ளே வேர் தடிக்கும். பத்து ஆண்டு கழித்துக் கைப்பிடிச்சுவரையே பெயர்த்தால்தான் அந்த வேரை எடுக்க முடியும். சரிந்த கட்டடத்தைப் பார்த்து “வயசாகிவிட்டது” என்கிறோம். எனக்கு அந்தப் பேச்சு கேட்டாலே கோபம் வருகிறது. அடைபட்ட குழாய், பிடுங்காத கன்று, தேங்கிய தண்ணீர் எல்லாவற்றின் பழியையும் வயதின் தலையில் கட்டுகிறோம்.

ராணி மேரிக் கல்லூரியை நினைத்துப் பாருங்கள். 1914-இல், சென்னையில் பெண்களுக்கான முதல் கல்லூரியாக, கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களாவில் தொடங்கியது. 2003-இல் அந்த வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தபோது, மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி பிழைத்தது. அந்தப் பெண்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் கல்லூரி பிறந்த கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. சிதிலமாகி, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் புதுக்கட்டடம் வந்துவிட்டது. இடிக்கப்போகிறோம் என்று அறிவித்தால் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் மழை ஒழுகினால் யாரை எதிர்த்து உட்காருவது?

செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. அதே சாலையிலேயே சான்று இருக்கிறது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் தீப்பற்றி எரிந்தது. கூரை உள்ளே விழுந்தது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பும் செங்கல்லுமாகப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. எரிந்ததையே எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, நின்றுகொண்டிருப்பதைக் காப்பது பெரிய வித்தையல்ல. தமிழ்நாடு மரபுச்சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறிவிட்டது. சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம். சாக்கடையை யார் தூர்வாருவது?

அரசுக் கல்லூரியில் கட்டடம் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. ஓடு உடைந்தால் முதல்வர் கடிதம் எழுத வேண்டும், மதிப்பீடு போட வேண்டும், நிதி வர வேண்டும். அதற்குள் ஐப்பசி வந்துவிடும். ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த உத்திரம் எப்போது மாற்றப்பட்டது, எந்தச் சுவரில் என்ன பூசினார்கள், எந்த மூலையில் ஒழுகியது என்றெல்லாம் எழுதிவைக்கிற பதிவேடு. மருத்துவமனையில் நோயாளியின் கட்டில் தலைமாட்டில் ஒரு குறிப்பேடு இருக்குமே, அதைப் போல. சின்னப் பழுதுகளைக் கல்லூரியே உடனே பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் ஒரு தொகை, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார், அவரிடம் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள். கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் ஏது?

பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். புது நுழைவாயிலும் கலையரங்கமும் கட்டித் தருகிறீர்கள், மகிழ்ச்சி. இந்த ஆண்டு புரட்டாசிக்குள் உங்கள் கல்லூரியின் மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறுங்கள். சருகை அள்ளுங்கள், குழாய் வாயைத் திறந்துவிடுங்கள், கன்று இருந்தால் பிடுங்குங்கள். ஓடு பெயர்ந்த இடத்தைப் படமெடுத்து, தேதி போட்டு முதல்வரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டும் அதே மாதம் போங்கள்.