வீடு வந்தாச்சு, பஸ் எங்கே?



1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 2022-ல் 5,904 ஆக விரிச்சாச்சு. இப்போ அரக்கோணமும் பெருநகர்தான், வரைபடத்துல!

கிளாம்பாக்கத்தையே எடுத்துக்குங்க. 2023 டிசம்பர்ல பேருந்து முனையம் திறந்தாங்க. எதிர்லயே தண்டவாளம் ஓடுது. ஆனா திறந்த அன்னைக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை. ராத்திரி மூட்டை முடிச்சோட இறங்கின குடும்பம் ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுத்துச்சு. கட்டடம் முதல்ல, போக்குவரத்து அப்புறம். இந்த வரிசைதான் கோளாறு.

பணம் இல்லைன்னு யாரும் சொல்ல வேண்டாம். பெரிய அடுக்குமாடி கட்டுறவங்ககிட்ட உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம்னு சதுர மீட்டர் கணக்குல அரசு வாங்குது. ஊரப்பாக்கத்துல வாங்கின பணத்துல ஒரு பங்கு ஊரப்பாக்கத்து பஸ்ஸுக்கே வரணும். அதைச் சட்டத்துலயே எழுதணும். மகளிருக்கு 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துல கட்டணமில்லாப் பயணம். நல்ல திட்டம்தான், யார் மறுக்கிறா? ஏறுறதுக்கு பஸ் வரணும்ல!

உங்க ஊர்ல அடுத்த கிராமசபை நடக்கும்போது இதைத் தீர்மானமாகக் கேளுங்க. எந்தத் தெரு, எத்தனை மணிக்கு பஸ் வேணும்னு எழுதி, கையெழுத்து வாங்கி எடுத்துட்டுப் போங்க.