கலங்கியதும் எழுதிவிடாதீர்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



‘ஏதாவது அனுபவத்தைச் சொல்லுங்க சார்’ என்றார் செயலாளர். மெடல் வாங்கிய அனுபவங்களை எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மார்க் போன அனுபவத்தைச் சொல்கிறேன். வேதியியல் படிக்காத நண்பர்கள் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கழுகுமலைக்காரன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போவார். கரிசல் காட்டில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. அந்த வீட்டிலிருந்து தினமும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி பி.எஸ்ஸி. படிக்க வந்தவனுக்கு ஒவ்வொரு மார்க்கும் பெரிசு. அதனால் கைடை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன்.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஓர் ஆல்கஹால். லூகாஸ் சோதனை செய்தேன். நீரற்ற சிங்க் குளோரைடை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த கரைசல் அது. கைடில் மூன்றே வரி: உடனே கலங்கினால் மூவிணைய ஆல்கஹால், ஐந்து பத்து நிமிஷத்தில் கலங்கினால் ஈரிணையம், அறை வெப்பத்தில் கலங்காவிட்டால் ஓரிணையம். ஊற்றிக் குலுக்கினேன். உடனே கலங்கிவிட்டது. சந்தோஷமாக ‘மூவிணையம்’ என்று எழுதினேன்.

கொடுத்திருந்தது பென்சைல் ஆல்கஹால். அது ஓரிணையம்! பிறகு என் ஆசிரியர் சொன்னார்: “தம்பி, கலங்கினது சரி. நீ எழுதினதுதான் தப்பு. அது ஏன் கலங்குச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?”

அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன். ஆல்கஹாலில் உள்ள ஓ.எச். தொகுதி லேசில் இடத்தைக் காலி செய்யாது. வெறும் சோடியம் புரோமைடைப் போட்டு எவ்வளவு நேரம் கலக்கினாலும் பதிலீடு நடக்காது. ஓ.எச்.சைக் கிளப்பிவிட ஓர் உதவி வேண்டும். அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்தால் அது தண்ணீராக மாறிச் சுலபமாக வெளியேறும். ஆகவே முதல் கேள்வி: ஓ.எச். எப்படிப் போகப் போகிறது?

இரண்டாவது கேள்வி: அது போன பிறகு அந்தக் கார்பன் நேர்மின்சுமையைத் தாங்குமா? மூவிணையக் கார்பன் தாங்கும். அதனால் கார்பன் நேரயனி உண்டாகி, குளோரைடு உடனே வந்து சேர்கிறது. தண்ணீரில் கரையாத குளோரைடு சேர்மம் பிரிவதைத்தான் கலங்கலாகப் பார்க்கிறோம். சாதாரண ஓரிணையக் கார்பன் தாங்காது, அதனால் தாமதம். பென்சைல் ஆல்கஹாலிலோ சுமையைப் பக்கத்தில் உள்ள பென்சீன் வளையம் பகிர்ந்துகொள்கிறது. அதனால் ஓரிணையமாக இருந்தும் உடனே கலங்குகிறது.

பின்னாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஹோவர்ட் லூகாஸ் இந்தச் சோதனையை 1930-இல் வெளியிட்டபோது, கட்டுரையின் தலைப்பிலேயே ‘நிறைவுற்ற’ ஆல்கஹால்கள் என்று எல்லை வகுத்திருந்தார். என் கைடில் அந்த ஒரு சொல் இல்லை. என் மார்க் போனது அந்த ஒரு சொல்லில்!

மூன்றாவது கேள்வி: உண்டான நேரயனி அப்படியே இருக்குமா, இடம் மாறுமா? 3-மெத்தில்-2-பியூட்டனாலோடு ஹைட்ரோபுரோமிக் அமிலத்தைச் சேர்த்தால், ஓ.எச். இருந்த இடத்திலேயே புரோமின் உட்காரும் என்றுதான் நினைப்போம். ஆனால் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் நகர்ந்து வர, சுமை அங்கே போய்விடுகிறது. புரோமினும் அங்கேதான் போய்ச் சேருகிறது. முக்கியமாகக் கிடைப்பது 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன்.

இந்த இடமாற்றம் வேண்டாமென்றால் பாஸ்பரஸ் ட்ரைபுரோமைடைப் பயன்படுத்தலாம். சிவப்புப் பாஸ்பரஸும் புரோமினும் சேர்ந்தால் அது உண்டாகும். இந்த வழியில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் பிடித்துக்கொள்ள, புரோமைடு பின்பக்கமாக வந்து கார்பனைத் தாக்குகிறது. தனி நேரயனி உண்டாகாததால் இடமாற்றம் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் பூசும் மருந்திலும் இதே சிவப்புப் பாஸ்பரஸ்தான். அம்மா வேலை பார்த்த இடத்திலேயே என் பாடத்தில் பாதி இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போச்சு.

எங்க ஊர் வெட்டுவான் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது. வெட்டி விழுந்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. எது போகணும், எது நிற்கணும் என்று பார்த்த பிறகுதான் சிற்பி உளியை வைத்திருப்பார்.

மாணவச் செல்வங்களே, இப்போது நானும் பாடம் நடத்துகிறவன். என் பிள்ளைகளிடம் ஒன்றுதான் கேட்பேன். சோதனைக் குழாயில் ஊற்றுமுன் என்ன வரும் என்று நோட்டில் எழுது. தப்பாகப் போனால் அதை அடித்துவிடாதே. பக்கத்தில் ஏன் என்று எழுது. மனப்பாடம் கேட்ட கேள்விக்குத்தான் உதவும். காரணம் தெரிந்தவன் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுவான்.

அன்று மார்க்கைக் குறைத்து, அதற்கான காரணத்தையும் புரிய வைத்த என் ஆசானை வணங்குகிறேன்.