குப்பைத் தொட்டிக்கு ஒரு மேடை

குப்பைத் தொட்டிக்கு மேடை எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஓர் அங்காடியின் பின்புறம், தார்த் தரைமீது பெரிய இரும்புத் தொட்டியொன்றை வைத்தோம். கோடையில் தார் இளகியது. தொட்டியின் சிறு சக்கரங்கள் அழுந்திவிட்டன. அதனை நகர்த்தத் துப்புரவுத் தொழிலாளர் நால்வர் தோள்கொடுக்க வேண்டியதாயிற்று.

தாரைப் பெயர்த்துச் சல்லியிட்டு இறுக்கி, 6 அங்குலக் கனத்தில் கான்கிரீட்டு இட்டோம். ஆனால் தொட்டியின் அளவுக்கே இட்டுவிட்டேன்; பிழை என்னுடையது. பெருஞ்சுமை தொட்டியன்று, அதனைத் தூக்க வரும் லாரி. தூக்குங்கால் தொட்டியின் பளுவும் அப்பக்கத்துச் சக்கரங்கள்மேல் சேருகிறது. மேடையின் விளிம்பு நொறுங்கிற்று.

மறுமுறை, லாரிச் சக்கரங்கள் நிற்குமிடம்வரை மேடையை நீட்டினோம். மூன்றாம் நாளே, "காய்ந்துவிட்டதே, தொட்டியை வைக்கலாமே!" என்றனர் கடைக்காரர்கள். கான்கிரீட்டு காய்வதால் இறுகுவதன்று. சிமெண்டு நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. உலரவிட்டால் அவ்வினை நின்றுபோகும். ஆகவே மேடைமீது பாத்தி கட்டி 10 நாள் நீர் நிறுத்தினோம். லாரியை விட்டது 28 நாள் கழிந்த பின்னரே. அதுவரை குப்பையைக் கூடை கூடையாய்ச் சுமந்தவர்கள் அத்தொழிலாளர்கள்தாம். அவர்களில் ஒருவரேனும் என்னை அவசரப்படுத்தவில்லை.