கூலியும் வரியும்
(சோழவந்தானில் சிறு வியாபாரிகளிடையே பேசியது)

கடையில் நஷ்டம் வந்தால் நம்மில் பலர் முதலில் கை வைப்பது கூலியாளின் கூலியிலேதான். இது நியாயமா என்று நாம் சற்று யோசிக்க வேண்டாமா?

1939-ல் இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி போட்டது. வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் விற்றவர் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். 24,000-க்கு விற்றவருக்கு 120 ரூபாய். லாபமா நஷ்டமா என்பது கேள்வியில்லை. 2017-ல் வந்த சரக்கு சேவை வரியிலும், இணக்க முறையில் சேர்ந்த சிறு கடைக்காரர் விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கட்டுகிறார். அதை வாங்குவோரிடம் தனியாக வசூலிக்கவும் கூடாது. ஆகவே, குறைந்த லாபத்துக்கு விற்கிறவரைத்தான் இவ்வரி அதிகமாக அழுத்துகிறது.

கூலியோ அப்படிப்பட்டதல்ல. நம்மூர்க் கொடிக்காலில் கிள்ளும் வெற்றிலைக்கு வரி கிடையாது. கிள்ளியவர் அக்கூலியில் வாங்கும் எண்ணெய்க்கும் சோப்புக்கும் வரி உண்டு. அவற்றை வாங்குவது யாரிடம்? நம்மிடந்தானே! ஒருவர் கூலியைக் குறைத்தால் அவருக்கு மிச்சம். எல்லோரும் குறைத்தால் எல்லோருக்கும் வியாபாரம் போச்சு.

வரியே கூடாதென்பது நமது வாதமல்ல. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வரிப் பணத்தில்தான் நடக்கின்றன. தாங்குகிறவன் தலையில் அதிகமாகவும், தாங்காதவன் தலையில் குறைவாகவும் வை என்பதுதான் நமது கோரிக்கை.

ஆதலால் தோழர்களே! கூலி, வரி, வட்டி, வாடகை நான்கையும் தனித்தனியே எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூலியாளை வெட்டுவதா, ஒன்றுகூடிச் சர்க்காரைக் கேட்பதா என்று பிறகு முடிவு செய்யுங்கள்.