மாற்றுரை கேட்டலும் தவமே



ஞானம் பெறுதற்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடுதல் என நான்கு படிகளைச் சைவ சித்தாந்தம் கூறும். கேட்டல் என்பது குருவின் உபதேசத்தைச் செவிமடுத்தல். எனினும், நம் சான்றோர் மாறுபட்டோரின் சொல்லுக்கும் செவி கொடுத்தனர்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. தம் கொள்கையை உரைக்கும் சுபக்கத்திற்கு முன்னே, பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கத்தை வைத்தார் ஆசிரியர். உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை 14 மதங்கள் அதில் இடம்பெறுகின்றன. கடவுளே இல்லை என்பானும் முதலில் தன் வழக்கை முழுமையாக உரைக்கிறான். அதன் பின்னரே மறுப்பு வருகிறது. கேட்டல் வேறு, உடன்படல் வேறு என்பதை இந்நூல் தெளிவாக்குகிறது.

இப்பொறுமை அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. ஆகமங்கள் அனைத்திலும் வல்ல முதியவர் அவர். வயதில் மிக இளையவரான மெய்கண்டாரிடம், ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் விடை கூறாது அவரையே உற்று நோக்கினார் என்பது மரபுவழிச் செய்தி. அக்கணமே உண்மை உணர்ந்த முதியவர், அவ்விளைஞரின் மாணவரானார். செவியை அடைப்பது ஆணவ மலமே. பிறர் சொல் கேட்க அமர்வது அம்மலத்தைக் கரைக்கும் சாதனை.

ஆப்பிரிக்க மண்ணிலும் இந்நெறி உண்டு. நெல்சன் மண்டேலா 1994இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தம்மை வளர்த்த தெம்பு மக்களின் தலைவர் ஜொங்கின்டாபா நடத்திய அவையைப் போற்றுகிறார். குடியானவரும் தலைவரையே கடுமையாகக் குறைகூறுவர். அவர் சினவாது கேட்டிருந்து, இறுதியிலேயே பேசுவார். இணக்கம் பிறவாவிடில் மீண்டும் ஒரு கூட்டம் கூடும். அவ்வவையில் பெண்களுக்குச் சம உரிமை இல்லாத குறையையும் மண்டேலா மறைக்கவில்லை.

1977இல் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பாசிர் கூடாங்கில், பல ஊர்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் வாழ்கின்றனர். அவரவர் வழிபாட்டு வழக்கங்கள் வேறு. திருப்பணி நிதி கோபுரத்திற்கா, பிள்ளைகளின் சமய வகுப்பிற்கா என்றாலும் கருத்து வேறுபடும். பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்பவரைக் குழப்பவாதி என்று ஒதுக்கினால், அவர் வாய் மூடுவார்; மறு ஆண்டு வரவும் மாட்டார். அவருடன் ஒரு குடும்பமே சந்நிதியை விட்டு விலகும்.

ஆதலின், பரபக்கம் காட்டும் முறையை ஆலயக் கூட்டங்களிலும் கைக்கொள்ளலாம். எதிர்க்கருத்தை அதனைச் சொன்னவரே ஒப்பும்படி முதலில் எடுத்துரைத்து, கூட்டக் குறிப்பிலும் பதிந்து, பின்னரே விடை கூறலாம். பெண்களும் இளைஞர்களும் பேசும் வரை முடிவைத் தள்ளி வைக்கலாம். சந்நிதியில் கூப்பும் கரங்களுக்கு உள்ள பணிவு, கூட்டத்தில் செவிகளுக்கும் வாய்க்குமாயின், அதுவும் இறைவழிபாடே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.