ஆளுக்கொரு வாக்கு



வைத்தியர்களாகி இத்தனை வருடங்களாகியும் நாங்கள் பெரியம்மை நோயாளி ஒருவரையேனும் கண்டதில்லை. அம்மாமாரின் கைகளில் அம்மைப்பால் குத்திய தழும்பைத்தான் கண்டிருக்கிறோம்.

1958இல் உலக சுகாதார மாநாட்டில் அந்நோயை ஒழிக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தது சோவியத் ஒன்றியம். பனிப்போரில் எதிரியாக நின்ற அமெரிக்காவும் பின்னர் கைகொடுத்தது. சோவியத் தடுப்பு மருந்தைப் பயன்படுத்திய அத்திட்டத்தை நடத்தியவர் ஓர் அமெரிக்க வைத்தியர்! உலக சுகாதார ஸ்தாபனத்துக்குப் படையில்லை. பெரிய நாடோ சிறிய நாடோ, ஆளுக்கொரு வாக்கு, எங்கள் சங்கக் கூட்டம் போல. (சத்தமும் அப்படித்தான்.) 1977இல் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்று; 1980இல் ஒழிந்ததென அறிவித்தார்கள்.

கொவிட் தடுப்பூசியோ பணக்கார நாடுகளுக்கே முதலில் போனது. வாட்டில் நின்ற எங்களுக்கு அது இன்னும் ஆறவில்லை. 2025இல் பெருந்தொற்று உடன்படிக்கையை மாநாடு ஏற்றபோது, முதலில் தேடியது மருந்துப் பங்கீட்டுப் பகுதியைத்தான்.